இருமொழி வகுப்பில் பிள்ளைக்கு எந்தச் சொற்கள் இடறுகின்றன, அவற்றை எப்படிச் சேர்ப்பது

கிளிநொச்சியில் தரம் 7 இருமொழி வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றி ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். விஞ்ஞானமும் கணிதமும் அவளுக்கு ஆங்கிலத்தில். புத்தகத்தில் தடித்த எழுத்தில் வரும் சொற்களை எல்லாம் கருத்தோடு பாடமாக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் கேட்டால் உடனே சொல்கிறாள். தவணைப் பரீட்சைக்குப் போனால் கேள்வியே விளங்கவில்லை என்கிறாள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு விடுவதா, தமிழ் மொழிமூலத்துக்கே மாற்றிவிடுவதா என்று தெரியாமல் நிற்கிறார்.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை உழைக்கிறாள், உழைப்பு போகிற இடம்தான் பிழை. ஒரு பக்கத்தில் ஆகச் சுகமான சொற்கள் அந்தத் தடித்த எழுத்துச் சொற்கள்தான். ஒஸ்மோசிஸ் என்றால் பிரசாரணம். அதற்கு வேறு கருத்துக் கிடையாது, ஆசிரியர் படம் கீறி விளக்குவார், வரைவிலக்கணத்தைப் புத்தகமே தரும். பிள்ளையை விழுத்துவது அந்தச் சொல்லைச் சுற்றி நிற்கும் மற்றச் சொற்கள். அவற்றை யாரும் தடித்த எழுத்தில் போடுவதில்லை. விஞ்ஞான ஆசிரியர் அது ஆங்கில ஆசிரியரின் வேலை என்று விட்டுவிடுவார். ஆங்கிலப் புத்தகத்திலோ அவற்றில் பாதி வருவதேயில்லை.

ஸ்போக்கன் வகுப்பு இதற்கு ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஜிம் கமின்ஸ் என்ற ஆய்வாளர் 1979 இல் பேச்சு மொழியையும் பாட மொழியையும் பிரித்துக் காட்டினார். குடிபெயர்ந்து வந்த பிள்ளைகள் 2 ஆண்டளவில் சரளமாகக் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாட மொழியில் வகுப்பிலுள்ள மற்றவர்களை எட்டிப்பிடிக்க அவர்களுக்கு 5 முதல் 7 ஆண்டுகள் எடுத்தது. அது தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் கேட்கிற ஊர்க் கணக்கு. வன்னியில் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழாது. ஆகவே தரம் 7 இல் தடுமாறுவது இயல்பு. அதை வைத்துப் பிள்ளைக்குத் தலை இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

சரி, எந்தச் சொற்கள்? முதலாவது, கேள்வியைத் தொடக்கி வைக்கும் வினைகள். ஸ்டேற் என்றால் கூறுக, ஒரு வரி போதும். டிஸ்கிரைப் என்றால் விவரிக்க. எக்ஸ்பிளெயின் என்றால் காரணத்தோடு விளக்குக. அங்கே விவரித்துவிட்டு வந்தால் அரைப் புள்ளிதான். கம்பெயார் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை, வேற்றுமை இரண்டும் சொல்ல வேண்டும்; டிஸ்ரிங்குவிஷ் என்றால் வேற்றுமை மட்டும். இந்த வகையில் 20 சொற்கூட இல்லை. பழைய வினாத்தாள்கள் ஐந்தாறை எடுத்து ஒவ்வொரு கேள்வியிலும் வரும் வினையை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள், பட்டியல் தானாக வரும். முதல் இரண்டு கிழமையும் இதற்கே போகட்டும். புள்ளி ஆகக் கெதியாய் ஏறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, பிள்ளை தனக்குத் தெரியும் என்று நினைத்துக் கொண்டிருக்கும் சொற்கள். வேர்க், பவர், ரேபிள், ரூட், மீன். மீன் என்பது ஆங்கிலப் பாடத்தில் ‘கருதுதல்’, கணிதத்தில் ‘இடை’. சொலூஷன் இரசாயனத்தில் கரைசல், கணிதத்தில் தீர்வு. பிரொடக்ற் கணிதத்தில் பெருக்கம், இரசாயனத்தில் விளைவு, வணிகக் கல்வியில் உற்பத்திப் பொருள். வொலியூம் என்றதும் போன் சத்தத்தை நினைக்கிற பிள்ளைக்குக் கனவளவு நினைவில் வராது. தெரியாத சொல்லில் பிள்ளை நின்று கேட்கும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லில் நிற்காமல் போய்விடும். அதனால் இவற்றுக்கு மட்டும் கொப்பியில் பாடத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பாடத்துக்கும் பொதுவான கல்விச் சொற்கள்: வீதம், மாறிலி, காரணி, கொண்டிருத்தல், தங்கியிருத்தல், பெறுதல், எஞ்சுதல், விகிதசமன் என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள். நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000 ஆம் ஆண்டில் இப்படியான 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். பல்கலைக்கழக நூல்களில் ஏறத்தாழ 10 சதவீதச் சொற்கள் அந்த 570 க்குள் அடங்குகின்றன. பட்டியல் இணையத்தில் கிடைக்கும். தரம் 7 பிள்ளைக்கு அதை அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாடத்தில் எதிர்ப்படும்போது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொப்பியில் ஏற்றுங்கள். உயர்தரத்துக்கு வரும்போது முக்கால்வாசி சேர்ந்துவிடும்.

கடைசி வகை மிகச் சின்னச் சொற்கள். கணிதத்தில் உயிரை எடுப்பவை இவைதான், ஒன்றிரண்டைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ‘3 லெஸ் தான் 10’ என்றால் 10 − 3, விடை 7. பிள்ளை இடமிருந்து வலமாக 3 − 10 என்று எழுதும். ‘10 இலும் 3 குறைவு’ என்று தமிழில் சொல்லும்போது எண்கள் கழிக்கும் ஒழுங்கிலேயே வருகின்றன, ஆங்கிலத்தில் தலைகீழ். அதே வசனத்தில் ஓர் ‘இஸ்’ சேர்ந்து ‘3 இஸ் லெஸ் தான் 10’ என்றானால் கழித்தலே இல்லை, அது சமனிலி. இன்னொன்று: நெல் விலை கிலோ 100 ரூபாயிலிருந்து ‘பை 20’ கூடியது என்றால் 120. ‘ரு 120’ கூடியது என்றாலும் 120. பிள்ளை பையையும் ருவையும் ஒன்றாக எடுத்து, இரண்டாவதில் 220 என்று எழுதிவிடும். தமிழில் இதற்கு நல்ல பிடி இருக்கிறது: பை என்றால் ‘ஆல்’, ரு என்றால் ‘ஆக’. 20 ஆல் கூடியது, 120 ஆகக் கூடியது. இப்படி இரண்டு உருபைக் காட்டினால் பிறகு மறக்காது. அற் லீஸ்ட், அற் மோஸ்ட், அன்லெஸ், வெயர்அஸ், ரெஸ்பெக்ரிவ்லி என்பவற்றுக்கும் ஒவ்வொன்றாக இதே வேலை செய்ய வேண்டும். ரெஸ்பெக்ரிவ்லி தெரியாமல் முழுக் கணக்கையும் விடுகிற பிள்ளைகள் நிறைய.

இனி எப்படிப் படிப்பிப்பது. தமிழில் விளங்காததை ஆங்கிலச் சொல்லாக மாத்திரம் வைத்திருப்பதில் பயன் இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் ஒரே பாடத்திட்டத்துக்கு மூன்று மொழியிலும் நூல் அச்சிடுகிறது. திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். பாட ஒழுங்கும் படங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும். தமிழ்ப் புத்தகம் ஒன்றை வீட்டில் வையுங்கள், அக்கம்பக்கத்தில் மேல்வகுப்புப் பிள்ளை பாவித்ததும் போதும். நாளைக்கு நடக்கப்போகும் பாடத்தை இன்றிரவு தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால், வகுப்பில் பிள்ளையின் காது சொல்லைப் பிடிக்க மாத்திரம் வேலை செய்யும். கருத்துக்கும் சொல்லுக்கும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டத் தேவையில்லை.

எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு தமிழ் தேவை என்பதை எண்ணியே பார்க்கலாம். ஆங்கிலப் புத்தகத்தில் ஏறத்தாழ 200 சொற்கள் உள்ள ஒரு பகுதியைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்குப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். வாசிப்பு ஆய்வுகளின்படி நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் உதவி இல்லாமல் வசதியாக வாசிக்கலாம். 95 என்பது கீழ் எல்லை. ஆகவே 4 கோடு வரை பிள்ளை தானே வாசிக்கட்டும். 5 முதல் 10 வரை என்றால் சொற்களை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டு வாசிக்க விடுங்கள். 10 ஐத் தாண்டினால் தமிழ்ப் பக்கம் முதலில்.

தமிழ்க் கலைச்சொல்லை இணையத்தில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தொடர்ந்து விழுகிறார்கள். யூடியூப் காணொளியும் கூகிள் மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொல்லையே தரும். எங்கள் புத்தகத்தில் மாஸ் என்றால் திணிவு, வெயிற் என்றால் நிறை. தமிழ்நாட்டில் மாஸ் என்றால் நிறை, வெயிற் என்றால் எடை. எங்களுக்கு ஸ்பீட் கதி, வெலோசிற்றி வேகம். அங்கே ஸ்பீட் வேகம், வெலோசிற்றி திசைவேகம். அதாவது நிறையும் வேகமும் இரண்டு பக்கத்திலும் உண்டு, ஆனால் வேறு வேறு பொருளில். செல், அங்கே செல்லாகவே நிற்கிறது, இங்கே கலம். பிரெஷர், அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலத்திலேயே இங்கே கலைச்சொல் வேலை தொடங்கிவிட்டது. இரண்டு கரையிலும் தனித்தனியே வளர்ந்தது. எது நல்லது என்ற வழக்கு எனக்கு வேண்டாம். கொப்பியில் ஏறுவது எங்கள் பாடநூலில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொப்பிக்கு 80 பக்க சீ.ஆர். ஒன்று போதும். இரண்டு பக்கத்தையும் விரித்து நான்கு நிரல் அடியுங்கள்: ஆங்கிலச் சொல், அது புத்தகத்தில் வந்த வசனம், தமிழ்ச் சொல், கூட்டாளிச் சொற்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதிய பட்டியல் கேட்டால் சொல்லத்தான் உதவும், வசனம் எழுத உதவாது. நான்காவது நிரல் முக்கியம்: டிபென்ட் என்றால் பின்னால் ஒன், கொன்சிஸ்ற் என்றால் ஒஃப், றியாக்ற் என்றால் வித், புரொபோஷனல் என்றால் ரு. இந்த ஒட்டு இல்லாமல் சொல்லைப் படித்தால் பிள்ளை எழுதும் ஒவ்வொரு வசனமும் நொண்டும்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கவும் விடாதீர்கள். நான் இங்கே எழுதுவது வாசிப்பவர்களுக்காக. பிள்ளையின் கொப்பிக்கு அது ஆகாது. ‘பாத்’ என்று எழுதினால் அது குளியலா பாதையா என்று ஒரு கிழமைக்குப் பிறகு அவளுக்கே தெரியாது. போனில் ஓர் ஆங்கில அகராதியைத் திறந்து, உச்சரிப்பை இரண்டு முறை கேட்டு, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போட்டால் போதும். அனலைஸ், அனாலிசிஸ் இரண்டிலும் அழுத்தம் இடம் மாறுகிறது. காதால் கேட்காமல் இது பிடிபடாது.

எண்ணிக்கை: நாளுக்குப் புதிதாக 5 சொல், கிழமைக்கு 25. அதற்கு மேல் போனால் பழையவை உதிரும். திருப்பிப் பார்ப்பது அன்றிரவு, அடுத்த நாள், நாலாம் நாள், பத்தாம் நாள், பிறகு மாத முடிவில். ஜெர்மனியில் செபஸ்தியன் லைட்னர் 1972 இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டி முறை இதற்கு வசதி. பழைய கலண்டர் மட்டையைத் தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் அந்தச் சொல் வரும் இடத்தை வெறுமையாக விட்டு ஆங்கில வசனம், முதலெழுத்து மட்டும் இருக்கட்டும்; பின்பக்கத்தில் சொல்லும் தமிழும். சப்பாத்துப் பெட்டியை மூன்றாகத் தடுத்து, முதல் அறை நாளாந்தம், இரண்டாவது மூன்று நாளுக்கொருமுறை, மூன்றாவது பத்து நாளுக்கொருமுறை. சரியாக எழுதினால் அட்டை ஓர் அறை முன்னே போகும், பிழைத்தால் முதல் அறைக்குத் திரும்பும். வாசித்து ‘ஓம் தெரியும்’ என்று தலையாட்டுவதை ஏற்கக்கூடாது. தெரிந்த மாதிரி இருப்பதும் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் வேறு வேறு, பரீட்சை கேட்பது இரண்டாவதை.

எந்தச் சொற்களை ஒன்றாகப் படிப்பிப்பது என்பதில் ஆசிரியர்களே பிழை விடுகிறார்கள். சோடிச் சொற்களை ஒரே நாளில் கொடுப்பது வழக்கம்: அனோட்டும் கதோட்டும், குழிவு வில்லையும் குவிவு வில்லையும், கதியும் வேகமும். பிள்ளைக்கு இரண்டும் தெரியும், எது எது என்று மட்டும் தெரியாது. ஒன்றை முதலில் நன்றாக இறுக்கிவிட்டு, நாலைந்து நாள் கழித்து மற்றதைக் கொண்டுவர வேண்டும். பாடம் இரண்டையும் ஒன்றாகத் தந்தாலும் அட்டையில் ஒன்றுதான் முதலில் ஏறட்டும். ஒலி ஒத்தவையும் அப்படியே: ரெஸ்பிரேஷன், ரிரான்ஸ்பிரேஷன், பேர்ஸ்பிரேஷன் மூன்றும் ஒரே கிழமையில் வேண்டாம். புத்தகத்தின் கடைசியில் உள்ள அகரவரிசைச் சொற்பட்டியலை மேலிருந்து கீழாகப் பாடமாக்குவதும் இதே காரணத்தால் கூடாது.

அதற்குப் பதிலாக ஒரு செயல்முறையைச் சுற்றிச் சொற்களைக் கட்டுங்கள். ஆனையிறவு உப்பளம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, உப்பு உற்பத்தி பாடத்திட்டத்திலும் வருகிறது. கடல்நீரைப் பாத்தியில் விட்டால் வெயிலில் நீர் ஆவியாகிறது. கரைசலின் செறிவு கூடுகிறது. முதலில் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகி அடியில் படிகிறது. அடுத்த பாத்தியில் கல்சியம் சல்பேற்று. மூன்றாவதில் உப்புப் பளிங்கு பெறப்படுகிறது. மகனீசிய உப்புகள் கொண்ட நீர் எஞ்சுகிறது. ஆவியாதல், கரைசல், செறிவு, வீழ்படிவு, படிதல், பளிங்கு, பெறுதல், எஞ்சுதல். எட்டுச் சொல், எதுவும் எதோடும் குழம்பாது, ஒழுங்காகச் சொன்னால் ஒரு பந்தியே வந்துவிடும். அந்த எட்டுக்கும் ஆங்கிலம் எழுதி, அவற்றை வைத்து ஆறு வசனம் எழுதச் சொல்லுங்கள். வீதம் என்ற சொல்லுக்கு இரணைமடு வாய்க்காலில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தரம் 8, 9 க்கு வந்ததும் சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பழக்கலாம். எலெக்ற்ரோலிசிஸ் மின்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீர்ப்பகுப்பு. ஆங்கிலத்தில் எங்கே வெட்டுகிறோமோ தமிழிலும் அங்கேயே வெட்டுப்படும். டயொக்சைட் ஈரொட்சைட்டு. தமிழ்ச் சொல்லை நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இது இலாபம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. வசனத்துக்கு வசனம் ஆங்கிலத்தில் வாசித்து உடனே தமிழில் சொன்னால், இரண்டு கிழமைக்குள் வகுப்பு ஆங்கிலத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். தமிழ் எப்படியும் வரும் என்று காத்திருக்கும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 5 நிமிடம் தமிழில் அறிமுகம், 20 நிமிடம் படமும் பலகையும் வைத்து முழுக்க ஆங்கிலம், 10 நிமிடம் பிள்ளைகள் சோடியாகத் தமிழில் கதைத்து விளக்கம் தெளிதல், கடைசி 5 நிமிடம் மூன்று ஆங்கில வசனம் எழுதுதல். எழுதும்போது பலகையில் ஒரு சட்டம் கொடுங்கள்: ‘இது கூடும்போது அது குறையும்’, ‘இது அதில் தங்கியுள்ளது’ என்பவற்றின் ஆங்கில வடிவம், வெற்று இடத்தோடு. வெறும் சொல்லை மட்டும் கொடுத்து வசனம் எழுது என்றால் பலவீனமான பிள்ளை பேனையையே எடுக்காது.

ஆங்கிலம் தெரியாத தாய் தகப்பன் இதில் ஒன்றும் செய்ய முடியாது என்பது சரியில்லை. அட்டையின் பின்பக்கத் தமிழை வாசித்து, பிள்ளை எழுதியதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். அதைவிடப் பெரிய உதவி, இன்று படித்ததைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது. தமிழில் சொல்லத் தடுமாறினால் சிக்கல் சொல்லில் இல்லை, பாடத்தில். அதற்கு அகராதி உதவாது, ஆசிரியரிடம் போக வேண்டும். தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுத மட்டும் முடியாவிட்டால் மேலே சொன்ன வேலை போதும்.

மொழிமூலம் மாற்றுவது பற்றி: உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் பாடசாலை எல்லா ஊரிலும் கிடைக்காது, பலர் அங்கே தமிழுக்கு மாறத்தான் போகிறார்கள். கொப்பியின் தமிழ் நிரல் அப்போது கைகொடுக்கும். அதை ஒருபோதும் வெறுமையாக விடவேண்டாம். மாறுவதென்றால் தரம் 9 முடிவில் மாறுங்கள், சாதாரண தரப் பாடத்தின் நடுவில் வேண்டாம்.

தமிழில் உயர்தரம் முடித்து அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்கோ விவசாய பீடத்துக்கோ, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்களுக்கு நிலைமை மறுபக்கம். கருத்து முழுக்க இருக்கிறது, பெயர்தான் இல்லை. அவர்கள் அடிப்படையிலிருந்து ஆங்கிலம் படிக்கத் தொடங்கத் தேவையில்லை. பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களில், தங்கள் உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் குறிப்பை அலகு அலகாக எடுத்து, அதே அலகின் ஆங்கில மொழிமூல வினாத்தாளைப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். ஆர்முடுகல், உந்தம், சடத்துவம், காவி என்பவற்றுக்குக் கலைச்சொல் உடனே கிடைக்கும். ஒரு வினாத்தாளில் கேள்வி வசனத்தை முழுதாக விளங்கிக்கொள்ள முடிந்தால் அடுத்த அலகுக்குப் போகலாம். முடியாவிட்டால் தடுக்கிய சொல்லைப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது தடவை அது கலைச்சொல்லாக இருக்காது.